யூலியு கொடுத்த ஒரு நாள்



கடல் ஞாயிறை ஒட்டி, கப்பல் வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்காக இந்தத் திருப்பலியை ஒப்புக்கொடுக்கிறோம். அதற்காகத் தேர்ந்துகொண்ட முதல் வாசகம் திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரம். புயல் வருகிறது, கப்பல் உடைகிறது, 276 பேர் உயிரோடு கரை சேர்கிறார்கள். இந்த அதிகாரத்தை எடுத்தால் எல்லாருடைய கண்ணும் புயலைத் தேடித்தான் போகும். புயலுக்கு வெகு முன்னால், மூன்றாம் வசனத்தில், கரையில் கழிந்த ஒரு நல்ல நாள் இருக்கிறது. இன்று அங்கேயே சற்று நிற்போம்.

பவுல் செசரியாவில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் காவலில் கிடந்தவர். பேரரசரிடமே முறையிடுகிறேன் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அவரைக் கப்பலேற்றி உரோமைக்கு அனுப்புகிறார்கள். கைதிகளை அழைத்துச் செல்லும் பொறுப்பு யூலியு என்ற நூற்றுவர் தலைவருக்கு. புறப்பட்ட மறுநாளே கப்பல் சீதோன் துறைமுகத்தை அடைகிறது. இன்றைய லெபனான் நாட்டில் சைதா என்று அழைக்கப்படும் ஊர் அது. அங்கே யூலியு பவுலிடம் மனிதநேயத்தோடு நடந்துகொண்டார் என்றும், நண்பர்களிடம் போய் அவர்களுடைய கவனிப்பைப் பெற்றுக்கொள்ள அவரை விட்டார் என்றும் லூக்கா எழுதுகிறார். அவ்வளவுதான். அடுத்த வசனத்தில் கப்பல் கிளம்பிவிடுகிறது.

அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள், யார் யார் வந்து பார்த்தார்கள் என்பதையெல்லாம் லூக்கா சொல்லவில்லை. ஆனால் அந்த நண்பர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை அதே நூலின் 11-ஆம் அதிகாரத்திலிருந்து நாம் ஊகிக்கலாம். ஸ்தேவான் கொல்லப்பட்டபின் எழுந்த துன்புறுத்தலில் சிதறி ஓடியவர்கள் பெனிசியா வரை போனார்கள் என்று அங்கே வாசிக்கிறோம். சீதோன் பெனிசியாவில்தான் இருக்கிறது. ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களின் மேலுடைகளுக்குக் காவலாக நின்ற இளைஞர் யார்? இதே பவுல்தான், அன்று சவுல். அவருக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியவர்களால்தான் நற்செய்தி பெனிசியாவுக்கு வந்தது. அந்தக் கரையின் திருச்சபைதான் இன்று அவரை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துப் பராமரிக்கிறது. சில மணி நேர ஓய்வு என்று நாம் கடந்துபோகும் அந்த வசனத்துக்குள் இத்தனை பெரிய மன்னிப்பு இருக்கிறது.

யூலியுவைப் பற்றியும் ஒரு சொல். உரோமைக் காவலர்களுக்குக் கைதி தப்பினால் என்ன நேரும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பிலிப்பி நகரில் நிலநடுக்கத்தில் சிறைக் கதவுகள் திறந்துகொண்டதைப் பார்த்த சிறைக்காவலர், கைதிகள் ஓடிவிட்டார்கள் என்று எண்ணி வாளை உருவித் தன்னையே மாய்த்துக்கொள்ளப் போனார். பேதுரு சிறையிலிருந்து வெளியேறியபோது காவலர்களைக் கொன்றுவிடும்படி ஏரோது ஆணையிட்டான். காவலர்கள் வாழ்ந்த உலகம் அது. பவுலைக் கரையிறங்க விட்ட யூலியு தன் தலையையே பிணையாக வைத்தார். துணைக்கு ஒரு படைவீரனை அனுப்பியிருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், அந்நிய ஊரின் சந்துகளில், நண்பர்கள் சூழ்ந்த வீட்டில், ஒரு கைதி மறைந்துபோக எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மனிதர் ஒரு நாள் இளைப்பாறுவதற்காக இன்னொரு மனிதர் ஆபத்தை ஏற்றுக்கொண்டார். பவுலும் திரும்பி வந்தார்.

அன்று அவர்களுக்குள் பிறந்த நம்பிக்கை வீண்போகவில்லை. கப்பல் தரைதட்டி உடையும்போது, கைதிகள் நீந்தித் தப்பிவிடக் கூடாது என்று அவர்களைக் கொன்றுவிடப் படைவீரர்கள் திட்டமிடுகிறார்கள். பவுலைக் காப்பாற்ற விரும்பிய நூற்றுவர் தலைவர் அதைத் தடுத்தார். அவர் ஒருவருக்காக மற்றக் கைதிகளும் பிழைத்தார்கள். சீதோனில் தொடங்கிய நன்மை மால்தாவின் கரையில் பல உயிர்களைக் காத்தது.

அன்புக்குரியவர்களே, மால்தா என்ற அந்தத் தீவுக்கு இன்று உல்லாசக் கப்பல்கள் போகின்றன. தலைநகர் வல்லெட்டா. 1565-இல் நடந்த பெரும் முற்றுகைக்குப் பிறகு, மறு ஆண்டு அடிக்கல் நாட்டிக் கட்டிய கோட்டை நகரம். விடியும் வேளையில் கப்பல் பெருந்துறைமுகத்துக்குள் மெதுவாக நுழையும்போது இருபுறமும் சுண்ணாம்புக்கல் மதில்கள் முதல் வெயிலில் தேன்நிறமாக மாறுவதைப் பார்க்க, பயணிகள் மேல்தளத்தில் கூடிவிடுவார்கள். துறைமுகத்திலிருந்து 58 மீட்டர் உயர மின்தூக்கி ஒன்று நேராக மேல் பராக்கா தோட்டத்தில் கொண்டுபோய் விடும். அங்கே நிழலில் ஒரு பெஞ்சில் அமர்ந்தால் துறைமுகம் முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். நண்பகலில் கீழேயுள்ள பீரங்கி மேடையிலிருந்து ஒரு குண்டு முழங்கும். முன்பு துறைமுகத்துக் கப்பல்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள உதவிய முழக்கம் அது.

நகரம் சின்னது, நடந்தே சுற்றிவிடலாம். புனித யோவான் இணைப் பேராலயத்தில், கரவாஜ்ஜோ 1608-இல் தீட்டிய திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு ஓவியம் சுவர் நிறைய நிற்கிறது. ஓவியர் தம் பெயரைக் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதான். யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்திலேயே கையெழுத்தை வரைந்திருக்கிறார். சற்றுத் தள்ளி, புனித பவுல் தெருவில், கப்பல் உடைந்து பவுல் கரை சேர்ந்ததை நினைவுகூரும் ஆலயம். பவுலின் மணிக்கட்டு எலும்பு என்று வணங்கப்படும் திருப்பண்டம் அங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரி 10-ஆம் நாள் அந்தத் தீவே திரண்டு அந்தத் திருவிழாவைக் கொண்டாடுகிறது. வெளியே வந்தால், ரிக்கோட்டாப் பாலாடையோ பட்டாணியோ வைத்து அடுக்கடுக்காக அடுப்பில் வெந்து வரும் பஸ்தீத்ஸியைச் சூடாக வாங்கிக் கடித்துக்கொண்டு படிக்கட்டுத் தெருவில் உட்காரலாம்.

உட்காரலாம் என்று வேண்டுமென்றே சொல்கிறேன். கிடைத்த எட்டு மணி நேரத்தில் பத்து இடங்களைப் பார்த்துவிட வேண்டும் என்று குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடும் குடும்பங்களை எந்தத் துறைமுக நகரிலும் காணலாம். செலவழித்த பணத்துக்கு ஈடாக எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பதற்றம் அது. மாலையில் கப்பலுக்குத் திரும்பும்போது அவர்கள் முகத்தில் காலையில் இருந்ததைவிடக் களைப்பு அதிகமாக இருக்கும். கடவுள் ஏழாம் நாளில் எதையும் சேர்க்கவில்லை. செய்து முடித்ததைப் பார்த்து ஓய்ந்திருந்தார். ஒரே ஓர் ஓவியத்தின் முன் அரை மணி நேரம், ஒரே ஆலயத்தில் ஒரு செபமாலை, வயதான அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நீண்ட நடை, பேசாமல் கடலைப் பார்த்தபடி ஒரு காப்பி. இவை போதும். ஓய்வெடுப்பதற்காக யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். பணி முடித்துத் திரும்பிய திருத்தூதர்களுக்கு உண்ணவும் நேரம் கிடைக்காமல் கூட்டம் நெருக்கியபோது, தனிமையான இடத்துக்கு வந்து சற்று ஓய்ந்திருங்கள் என்று அழைத்தவர் ஆண்டவர்தான். அவர்களும் படகேறித்தான் போனார்கள்.

உழைத்துச் சேர்த்த பணத்தில் பிள்ளைகள் பெற்றோரைக் கப்பலில் அழைத்துப் போவது நல்ல காரியம். நான் அதை வாழ்த்துகிறேன். அப்படிப் போகிறவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். நீங்கள் காலையில் கேங்வேயில் அட்டையைக் காட்டிவிட்டு இறங்கிப்போன பிறகு, கப்பலில் யார் இருக்கிறார்கள்?

இங்கே முன்வரிசையில் இருக்கும் அம்மாக்களுக்கு இதற்கு விடை தெரியும். உங்கள் மகன் இருக்கிறான். பயணிகள் இறங்கிய பிறகுதான் அறைகளைச் சுத்தம் செய்ய முடியும். கரையில் நிற்கும் வேளையில்தான் காய்கறியும் இறைச்சியும் தண்ணீரும் ஏற்ற முடியும். தீயணைப்புப் பயிற்சியும் உயிர்காப்புப் படகுப் பயிற்சியும் பெரும்பாலும் துறைமுகத்தில் நிற்கும்போதுதான் நடக்கும். இவை எல்லாம் முடிந்தாலும், அவசரம் நேர்ந்தால் சமாளிக்க ஊழியர்களில் ஒரு பகுதியினர் கப்பலை விட்டு இறங்கவே கூடாது; முறைவைத்து வரும் இந்தக் கட்டாயத்தை ஐ.பி.எம். என்பார்கள். தன் முறை வராத நாளில், இரண்டு வேலைகளுக்கு நடுவே மூன்று மணி நேரம் கிடைத்தால், அந்தப் பிள்ளை எங்கே போகிறான்? பேராலயத்துக்கோ தோட்டத்துக்கோ போவது அரிது. துறைமுகத்துக்கு வெளியே வைஃபை கிடைக்கும் முதல் கடைக்குப் போகிறான். ‘அம்மா, போர்ட்டுக்கு வந்தாச்சு’ என்று உங்களுக்கு வரும் அழைப்பு அங்கிருந்துதான் வருகிறது. அவன் சாப்பிட்டானா என்று நீங்கள் கேட்கிறீர்கள். வீட்டில் எல்லாரும் நலமா என்று அவன் கேட்கிறான். சைன் ஆன் செய்த நாள்முதல் காண்ட்ராக்ட் முடிந்து சைன் ஆஃப் ஆகும்வரை, ஆறு மாதமோ ஒன்பது மாதமோ, வாரத்தின் எல்லா நாளும் வேலை நாள்தான். அவன் போன ஊர்களின் பட்டியல் நீளமானது. பார்த்த ஊர்கள் மிகக் குறைவு.

இந்த இடத்தில் ஓய்வுநாள் கட்டளையை நினைத்துப் பாருங்கள். விடுதலைப் பயண நூலில் அந்தக் கட்டளைக்குச் சொல்லப்படும் காரணம் படைப்பு: ஆண்டவர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார், ஆகவே நீயும் ஓய்ந்திரு. இணைச்சட்ட நூலின் 5-ஆம் அதிகாரத்தில் அதே கட்டளை மறுபடி வருகிறது. அங்கே காரணம் வேறு. நீ எகிப்தில் அடிமையாய் இருந்தாய், மறந்துவிடாதே. ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய்ந்திருக்க வேண்டும் என்கிறார் ஆண்டவர். மாட்டையும் கழுதையையும்கூட அவர் விட்டுவிடவில்லை. ஓய்வுநாளைத் தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ள அந்தக் கட்டளையில் இடமே இல்லை. எனக்குப் பணிவிடை செய்கிறவர் ஓயாமல் உழைப்பதன் மேல் என் இளைப்பாறல் அமைந்திருந்தால், நான் கட்டளையின் பாதியைத்தான் கடைப்பிடித்திருக்கிறேன்.

உலக நாடுகளின் சட்டமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தியா 2015-இல் அதை ஏற்றது. ஓய்வு நேர அடிப்படையில் கணக்கிட்டால் மாலுமிக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு தரவேண்டும். உடல்நலத்துக்காகவும் மனநலத்துக்காகவும், பணிப்பொறுப்புக்கு இடையூறு இல்லாதபோது, கரையில் இறங்கும் ஷோர் லீவ் தரவேண்டும் என்றும் அது சொல்கிறது. இது தயவு அன்று, உரிமை. பெற்றோரே, உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஏட்டில் இருப்பது எல்லா வாசலிலும் நடப்பதில்லை. அமெரிக்கா போன்ற நாடுகளில் தனி விசா இல்லாத மாலுமி கரையில் கால் வைக்க முடியாது. சரக்குக் கப்பல்கள் நிற்கும் நேரமும் குறைந்துவிட்டது. கொள்கலன்களை இறக்கி ஏற்றும் வேலை ஒரே நாளுக்குள் முடிந்து கப்பல் கிளம்பிவிடுகிறது. 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த துறைமுகப் பாதுகாப்பு விதிகளுக்குப் பிறகு வெளிவாசலைத் தாண்டுவதே சில இடங்களில் பெரும்பாடு. பெருந்தொற்றுக் காலத்தில் நிலைமை எல்லை மீறியது. 2020-இன் பிற்பகுதியில் ஏறத்தாழ 4 லட்சம் மாலுமிகள், ஒப்பந்தக் காலம் முடிந்தும் ஊர் திரும்ப வழியின்றிக் கப்பல்களிலேயே இருந்தார்கள். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கரை. இறங்க அனுமதி இல்லை. அந்த மாதங்களில் இந்தக் கடலோர ஊர்களின் வீடுகளில் நடந்த செபத்தை ஆண்டவர் கேட்டார். நாடுகள் கேட்கத் தாமதித்தன.

யூலியுக்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். 1920-இல் கிளாஸ்கோ நகரில் பொதுநிலையினர் சிலர் கூடித் தொடங்கிய கடல்சார் திருத்தூதுப் பணி, நூறாவது ஆண்டில் ஸ்டெல்லா மாரிஸ் என்ற பெயரை ஏற்று உலகெங்கும் துறைமுகங்களில் நடந்துவருகிறது. அருள்பணியாளர்களும் தன்னார்வலர்களும் கப்பலேறிப் போய், யார் எந்த மதம் என்று கேட்காமல், நலம் விசாரிக்கிறார்கள். சிம் கார்டு வாங்கித் தருகிறார்கள். ஊருக்குள் போக வண்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். சம்பளம் தராத முதலாளியைப் பற்றிப் புகார் சொல்ல வழிகாட்டுகிறார்கள். திருப்பலி வேண்டும் என்றால் கப்பலின் உணவு மேசையிலேயே நிறைவேற்றுகிறார்கள். சீதோன் நண்பர்கள் பவுலுக்குச் செய்ததை இவர்கள் முகம் தெரியாத பிள்ளைகளுக்குச் செய்கிறார்கள்.

மால்தா மக்களையும் மறக்க வேண்டாம். அவர்கள் கிறிஸ்துவைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் அல்லர். மழையும் குளிருமாய் இருந்த அந்தக் காலையில் நனைந்து வந்த 276 பேருக்கும் அவர்கள் தீ மூட்டினார்கள். கைதி யார், காவலன் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை. 2022 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்தத் தீவுக்குப் போனபோது, அந்தப் பழைய மனிதநேயத்தையே தம் பயணத்தின் மையமாக வைத்துக்கொண்டார். கடல் கடந்து புகலிடம் தேடி வந்தவர்களைச் சந்தித்து அவர்கள் பேசுவதைக் கேட்டார். கரையிறங்கி ஒரு நாள் களிக்கப் போகிறவர்கள் இதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெருக்களில் மக்கள் குடியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் நீங்கள் விருந்தினர்.

இன்றைய நற்செய்திக்கு வருவோம். யோவான் 21-ஆம் அதிகாரத்தில் சீடர்கள் ஏழு பேர் இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் விடியலில் கரைக்கு வருகிறார்கள். கடல் தொழில் செய்கிறவர்களுக்கு அந்த வெறும் வலையின் கனம் தெரியும். உயிர்த்த ஆண்டவர் கரையில் நிற்கிறார். அவர் சொன்னபடி வலையை வீசி 153 பெரிய மீன்களோடு அவர்கள் வந்து சேரும்போது, கரிநெருப்பு தயாராய் இருக்கிறது; அதன்மேல் மீன் இருக்கிறது; பக்கத்தில் அப்பம் இருக்கிறது. பேதுரு மறுதலித்தாரே, மற்றவர்கள் ஓடிப்போனார்களே, அந்தக் கணக்கையெல்லாம் ஆண்டவர் அப்போது எடுக்கவில்லை. முதலில் சாப்பிட அழைத்தார். பேதுருவிடம் கேட்க வேண்டிய கேள்விகளை உணவு முடிந்த பிறகே கேட்டார். சாவை வென்றவர் தம் கைகளால் செய்தவற்றுள் ஒன்று, இரவு வேலை முடித்து வந்தவர்களுக்குக் காலை உணவு சமைத்துப் பரிமாறியது. கரையில் நெருப்பு மூட்டுகிற ஒவ்வொருவரும், மால்தாவின் அந்தப் பெயர் தெரியாத மக்கள் உட்பட, ஆண்டவர் செய்த அதே வேலையைச் செய்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். கப்பலில் விடுமுறைக்குப் போகிறவர்களே, உங்கள் அறையைச் சுத்தம் செய்கிற பிள்ளையின் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள். ஊழியருக்கென்று கணக்கில் சேரும் கிராட்டுவிட்டியை எடுத்துவிடச் சொல்லாதீர்கள். அவர்களில் பலருடைய வருமானத்தில் அதற்கு முக்கிய பங்கு உண்டு. கரைக்கு நேரத்தோடு போய் நேரத்தோடு திரும்புங்கள். நீங்கள் தாமதித்தால் பறிபோவது அவர்களுடைய ஓய்வு நேரம். வீட்டில் வேலையாள் வைத்திருப்பவர்களே, கடை வைத்திருப்பவர்களே, நீங்கள் கடலுக்கே போகாவிட்டாலும் யூலியுவின் இடத்தில் இருக்கிறீர்கள். ஞாயிறன்று உங்கள் கடைப் பையன் திருப்பலிக்கு வருகிறானா, தன் பிள்ளைகளோடு சாப்பிடுகிறானா என்பது உங்கள் ஒரு சொல்லில் இருக்கிறது. கைதியை நம்பி அனுப்பியவரைவிட உங்களுக்கு ஆபத்து குறைவு.

இளைஞர்களே, நம் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் எவரோ பெற்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். மணிலாவிலோ ஜகார்த்தாவிலோ ஒரு தாய் அவர்களுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டோ தொழுதுகொண்டோ இருப்பாள். ஸ்டெல்லா மாரிஸ் பணியில் கப்பல் பார்க்கப் போவோருடன் மாதத்தில் ஒரு நாள் நீங்களும் போக வேண்டும் என்று கேட்கிறேன். விருப்பமுள்ளவர்கள் திருப்பலி முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்போது நம்பிக்கை அறிக்கை சொல்லி, அதன்பின் மன்றாட்டுகளுக்குப் போவோம். யார் யார் வீட்டில் பிள்ளை கப்பலில் இருக்கிறதோ, அவர்கள் அந்த இடத்தில் எழுந்து நின்று பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நாம் எல்லாரும் சேர்ந்து மன்றாடுவோம்.